சத்தம் குறைந்த, திறமான ஹெல்மெட்டைத் தெரிவது எப்படி: யாழ்ப்பாணத்து ஓட்டுநர்களுக்கான முழு வழிகாட்டி

ஹெல்மெட் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது விலை, அடுத்தது நிறம். பொலிஸ் மறித்தால் தலையில் ஏதோ ஒன்று இருந்தால் காணும் என்பதோடு பலருக்கு விசாரணை முடிந்துவிடுகிறது. சத்தத்தைப் பற்றிக் கேட்பவர் அரிது. ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கு ஒருமுறை போய்வந்து, இறங்கிய பிறகும் காதுக்குள் இரைச்சல் நிற்காமல் இருக்கும்போதுதான் அந்த யோசனை வரும். அதற்குள் பாவித்த ஹெல்மெட்டைக் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

ஆகவே இங்கே ஒழுங்கு வேறு. முதலில் தலையளவு, பிறகு தர முத்திரை, அதன்பின் கழுத்தடியும் முகக்கண்ணாடியும். விலையும் நிறமும் கடைசியில்தான்.

சத்தம் எங்கேயிருந்து வருகிறது

மணிக்கு 60, 65 கிலோமீற்றரைத் தாண்டியதும் எஞ்சின் சத்தத்தைக் காற்றின் சத்தம் மேவிவிடும். 100 கிலோமீற்றரில் சாதாரண முழுமுக ஹெல்மெட்டுக்குள், காதடியில், 100 டெசிபலை ஒட்டிய சத்தம் இருக்கும். தொழிலிடங்களில் காதைப் பாதுகாக்கப் பின்பற்றும் கணக்குப்படி 85 டெசிபலை எட்டு மணிநேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணிநேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம்.

ஊர்மனைக்கு வெளியேயும் மோட்டார் சைக்கிளுக்கு 70தானே எல்லை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. காதுக்குக் கணக்கு வண்டியின் வேகமல்ல, ஹெல்மெட்டில் வந்து மோதும் காற்றின் வேகம். சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் 60இல் போகிறீர்கள், எதிர்க்காற்று 30இல் வருகிறது என்றால் ஹெல்மெட்டுக்கு அது 90. திரும்பி வரும்போது அதே 60இல் காற்று முதுகில் இருக்கும், ஹெல்மெட் திடீரென்று நல்லதாகிவிட்டதுபோலத் தோன்றும். "போகேக்க இரைஞ்சது, வரேக்க ஒண்டுமில்லை" என்று ஹெல்மெட்டைக் குழப்பமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் காற்றைத்தான் பேசுகிறார்கள். சங்குப்பிட்டிப் பாலத்தில் அதே காற்று பக்கவாட்டில் அடிக்கும். அங்கே இரைச்சலோடு தலையும் இழுபடும்.

சத்தம் உள்ளே வரும் வழிகளில் முதலாவது கழுத்தடி. ஹெல்மெட்டின் கீழ் விளிம்பில் காற்று சுழன்று, திறந்த வாய்க்குள் அடிக்கும். வெறும் போத்தலின் வாயில் ஊதும்போது எழும் ஊளையும் இதே வகைதான். இந்தச் சத்தம் பெரும்பாலும் தாழ்ந்த தொனி என்பதால் ஸ்பொஞ் அதை நிறுத்தாது. உள்ளே எவ்வளவு தடித்த பஞ்சு இருந்தாலும் கழுத்தடி அகன்றிருந்தால் இரையும். மெல்லிய பஞ்சானாலும் கழுத்தையும் நாடியையும் நெருக்கமாக மூடினால் அமைதியாக இருக்கும். "நல்ல மொத்தமான பஞ்சு, சத்தமே வராது" என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

இரண்டாவது முகக்கண்ணாடியின் விளிம்பு. ரப்பர் பட்டியில் முழுதாகப் படியாத இடம் இருந்தால் கூர்மையான விசில் சத்தம் வரும். மூன்றாவது காற்றுத் துவாரங்கள். கடைசியாக ஹெல்மெட்டின் வெளி ஓட்டிலிருந்து துருத்தி நிற்கும் எல்லாமே: பின்வால், கமராத் தாங்கி, புளூடூத் பெட்டி, உள்ளே இறக்கும் கறுப்புக் கண்ணாடியின் நெம்பு.

வண்டிக்கும் பங்கு உண்டு. முன் கண்ணாடி பூட்டிய வண்டியில் அதன் மேல் விளிம்பிலிருந்து கலங்கிய காற்று நேரே ஹெல்மெட்டில் அடித்தால், முன் கண்ணாடி இல்லாத வண்டியைவிட இரைச்சல் கூடும். இருக்கையில் சற்று நிமிர்ந்தோ குனிந்தோ பார்க்கும்போது சத்தம் சட்டென்று மாறினால் குற்றம் அந்தக் கண்ணாடியின் உயரத்தில். ஹெல்மெட்டை மாற்றிப் பயனில்லை.

எந்த வகை

திருநெல்வேலிச் சந்தைக்கும் ரவுணுக்கும் இடையில் 40இல் ஓடுபவருக்குச் சத்தம் பெரிய பிரச்சினையே அல்ல. அமைதியான ஹெல்மெட்டென்று கூடுதல் காசு கொடுக்காமல் அளவிலும் முத்திரையிலும் கவனம் வைத்தால் போதும். ஆனையிறவைத் தாண்டி அடிக்கடி போகிறவர்கள், தீவுப்பகுதிப் பாடசாலைகளுக்குத் தினமும் ஓடும் ஆசிரியர்கள், இவர்களுக்குத்தான் மிச்சமெல்லாம்.

பாதி ஹெல்மெட் வெக்கைக்குச் சுகம் என்று நிறையப் பேர் போடுகிறார்கள். நாடியை அது காக்காது. காதடி திறந்திருப்பதால் சத்தத்திலும் அதுதான் மோசம். முழுமுகம்தான் முதல் தெரிவு. நாடிப்பகுதியைத் தூக்கக்கூடிய வகை வங்கி வாசலிலும் பெற்றோல் நிலையத்திலும் வசதி, ஆனால் பொருத்துகளும் பாரமும் கூட. முழுமுகம் 1,300 முதல் 1,600 கிராம்வரை இருக்கும் என்றால் தூக்கும் வகை 1,500 முதல் 1,800. ஜேர்மன் ஷூபெர்த் நிறுவனம் தூக்கும் வகையிலேயே மிக அமைதியான ஹெல்மெட்டுகளைச் செய்து காட்டியிருக்கிறது. அதற்குக் காரணம் காற்றுச் சுரங்கத்தில் வைத்துத் திருத்திய ஓட்டின் வடிவமும் கழுத்தடியை இறுக்கி மூடும் அமைப்பும். மலிவான தூக்கும் ஹெல்மெட்டில் இரண்டும் இராது. கையில் உள்ள காசு நடுத்தரம் என்றால், அதே விலையில் தூக்கும் வகையைவிட முழுமுகமே திறமாகக் கிடைக்கும்.

தலையை அளப்பது

தையற்காரரின் அளவு நாடாவைப் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் தொடங்கி, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையின் புடைப்பான இடத்தைச் சுற்றி எடுங்கள். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக 55–56 சென்ரிமீற்றர் எஸ், 57–58 எம், 59–60 எல், 61–62 எக்ஸ்எல். நிறுவனத்துக்கு நிறுவனம் ஒரு படி மாறும் என்பதால் அந்தந்த ஹெல்மெட்டின் அட்டவணையைக் கேளுங்கள்.

சுற்றளவு பாதிக் கதைதான். தலை நீளமா வட்டமா என்பது மற்றப் பாதி. நீளத் தலைக்கு வட்ட ஹெல்மெட் போட்டால் நெற்றியில் ஒரு புள்ளி அழுத்தும், காதுப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமையால்தான் காற்று ஏறி இரையும். நெற்றி நோகிறதென்று ஒரு அளவு பெரிதாக எடுத்துவிடுவது வழமை. அதோடு ஹெல்மெட் ஆடவும் தொடங்கும், சத்தமும் இரட்டிக்கும். அளவைக் கூட்டாமல் வேறு நிறுவனத்தின் ஹெல்மெட்டைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் வழமையாகக் கட்டும் தலைமுடியோடேயே அளக்கவும் போட்டுப்பார்க்கவும் வேண்டும். உயரக் கட்டிய கொண்டை ஹெல்மெட்டை முன்னால் தள்ளி, கழுத்தடியைப் பின்பக்கம் திறந்துவிடும். கழுத்தோடு தாழப் பின்னிய சடைதான் சரி. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதையும் கொண்டுபோங்கள்; கன்னப் பஞ்சுக்கும் காதுக்கும் இடையில் கண்ணாடிக் காம்புக்கு வழி இல்லாவிட்டால் அரை மணிநேரத்தில் தலையிடி வரும்.

முத்திரைகள்

இலங்கைத் தரநிர்ணயம் எஸ்எல்எஸ் 517. இந்தியாவிலிருந்து வரும் ஸ்டட்ஸ், வேகா போன்றவற்றில் ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் மேல் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் கீழே உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிறுவனத்தின் பிஐஎஸ் கெயார் செயலியில் தட்டிப் பார்க்கலாம். எண்ணே இல்லாத ஐஎஸ்ஐ வெறும் ஸ்ரிக்கர்.

ஐரோப்பிய ஈசிஈ முத்திரை பெரும்பாலும் நாடிப்பட்டியில் தைத்த துணித்துண்டில் இருக்கும். வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் நாட்டு எண்ணும்: 1 ஜேர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து. கீழே வரும் நீண்ட எண் 06 என்று தொடங்கினால் புதிய 22.06 விதி, 05 என்றால் பழையது. வேறுபாடு சின்னதல்ல. தலை சரிவாக மோதும்போது மூளை சுழன்று காயப்படுவதை அளக்கும் சோதனை 22.06இல்தான் சேர்ந்தது. எண்ணுக்குப் பின்னால் ஆங்கில 'பி' இருந்தால் நாடிப்பகுதியும் சோதிக்கப்பட்டது. 'ஜே' என்றால் நாடிக் காப்பு இல்லை. 'என்பி' என்றால் நாடிப்பகுதி இருந்தும் காப்பாகக் கணக்கில்லை. தூக்கும் வகையில் 'பி', 'ஜே' இரண்டும் இருப்பது நல்லது.

அமெரிக்க 'டொட்' முத்திரையை உற்பத்தியாளரே சான்றளித்து ஒட்டிக்கொள்ளலாம், அரசு பிறகு சந்தையிலிருந்து சிலவற்றை எடுத்துச் சோதிக்கும். பின்பக்கம் டொட் ஸ்ரிக்கர் மட்டும் ஒட்டிய, பெயர் தெரியாத ஹெல்மெட்டை நம்பவேண்டாம். பிரித்தானிய அரசு 2007இல் தொடங்கிய ஷார்ப் திட்டம் ஹெல்மெட்டுகளை வாங்கிச் சோதித்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறது. அந்த நட்சத்திரம் மோதலுக்கு மட்டும். சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எஸ்எம்கே, எல்எஸ்2, எம்டி போன்ற நடுத்தர விலை ஹெல்மெட்டுகளில் ஈசிஈ முத்திரையோடு வருபவை உண்டு. யாழ்ப்பாணத்து வருமானத்துக்குத் தேடவேண்டிய இடம் அதுதான்.

கடையில் கையில் எடுத்ததும்

உள் பஞ்சைக் கழற்றிப் பாருங்கள். கழற்றவே முடியாமல் ஒட்டியிருந்தால் வியர்வை ஊறிய பிறகு கழுவ வழியில்லை. பஞ்சுக்குப் பின்னால் ரெஜிபோம் தெரியும். மோதலை வாங்குவது அதுதான். ஓடு அதைப் பரப்பிக் கொடுக்கிறது. ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீற்றர் அளவிலாவது தடிப்பு இருக்கவேண்டும். நகத்தால் அழுத்தினால் இறுக்கமாக நிற்கவேண்டும், மணிமணியாக உதிரக்கூடாது. நாடிப்பகுதிக்குள்ளும் விரலை விட்டுப் பாருங்கள்: மலிவானவற்றில் அங்கே வெறும் பிளாஸ்ரிக்கும் மெல்லிய ஸ்பொஞ்சும் மட்டுமே இருக்கும்.

அடுத்த கேள்வி: இந்த மொடலுக்கு எத்தனை ஓட்டு அளவு? திறமான நிறுவனங்கள் இரண்டு, மூன்று அளவுகளில் ஓடு வார்க்கும். ஒரே ஓட்டுக்குள் பஞ்சை மட்டும் கூட்டிக் குறைத்து எல்லா அளவும் செய்தால், சின்னத் தலைக்காரர் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு திரிவார். கழுத்தடியும் அகன்றிருக்கும், இரைச்சலும் அவருக்குத்தான்.

முகக்கண்ணாடியை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் நிற்கவேண்டும், கடைசியில் 'டக்' என்று இழுத்துப் படியவேண்டும். மூடியபின் அதன் நடுவைப் பிடித்து ஆட்டினால் கிலுகிலுக்கக் கூடாது. பிறகு ஒரு பற்றுச்சீட்டுத் துண்டை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையில் வைத்து மூடி இழுங்கள். மேலே நடுவில், இரண்டு பொட்டுப் பக்கம், கீழே என்று ஆறேழு இடங்களில் இப்படிச் செய்யுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிடிப்பு இருக்கவேண்டும். தாள் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில்தான் விசில் பிறக்கும். மாரி மழையில் தண்ணீர் ஒழுகுவதும் அங்கேதான். கடை சற்று இருட்டென்றால் தொலைபேசி ரோச்சை உள்ளே வைத்து விளிம்பில் கசியும் வெளிச்சத்தையும் பார்க்கலாம்.

கண்ணாடியின் உட்புறம் இரண்டு சின்ன ஊசிமுளைகள் இருந்தால் பனிமூட்டம் படியாத பின்லொக் தகடு பிறகு பூட்டலாம். கார்த்திகை, மார்கழி மழையில் அதன் அருமை தெரியும், ஏனென்றால் கண்ணாடி மூச்சில் மங்கும்போது திறந்துவிடுவீர்கள், திறந்தால் அமைதிக்குக் கொடுத்த காசு போச்சு. கறுப்புக் கண்ணாடியை மட்டும் வாங்கவேண்டாம். மைம்மல் நேரத்தில் வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாட்டை அதனூடாகக் காணமுடியாது.

பட்டிப் பூட்டில் இரட்டை வளையம் உறுதியானது. பல்லுப் பூட்டு இலகுவானது; நாலைந்து பல்லாவது உள்ளே போய்ப் பிடிக்கவேண்டும். பூட்டிய பிறகு நாடிக்கும் பட்டிக்கும் இடையில் இரண்டு விரல் நுழைந்தால் சரி.

போட்டுப் பார்ப்பது: அரை மணிநேரம்

கடைக்காரர் முகம் கோணினாலும் 20 முதல் 30 நிமிடம் தலையில் வைத்திருங்கள். புதிய ஹெல்மெட் கன்னத்தை நெருக்கவேண்டும். வாயை மெல்லும்போது கன்னத்தின் உட்புறம் பல்லில் பட்டால் அளவு சரி. முதல் 15, 20 மணிநேர ஓட்டத்தில் பஞ்சு அமர்ந்துவிடும். கடையிலேயே சொகுசாக இருந்தால் இரண்டு மாதத்தில் தொளதொளக்கும்.

நாடிப்பகுதியைப் பிடித்து இடம் வலமாகத் திருப்புங்கள். தலைத்தோலும் கன்னமும் கூடவே அசையவேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் வேண்டாம். பட்டியைப் பூட்டியபடி தலையைக் குனிந்து, பின்னால் இருந்து ஒருவரை மேல்நோக்கித் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் விபத்திலும் கழன்று போகும். கழற்றியதும் நெற்றியைக் கண்ணாடியில் பாருங்கள். முழுவதும் இலேசான சிவப்பு பரவாயில்லை, காசளவில் ஒரே இடத்தில் ஆழச் சிவந்திருந்தால் வடிவம் பொருந்தவில்லை.

கடைசியாகக் கழுத்தடி. கைவிரலை ஹெல்மெட்டின் கீழ் விளிம்புக்கும் தாடை மூலைக்கும் இடையில் வையுங்கள். ஒரு விரல் நெருக்கி நுழைந்தால் நல்லது, மூன்று விரல் தாராளமாகப் போனால் 70இல் அது இரையும். நாடிக்குக் கீழே துணித்திரை இருக்கிறதா, பின்கழுத்துப் பஞ்சு உருண்டையாகத் திரண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கிய பிறகும் இரைந்தால்

காற்று எழும்பாத விடியற்காலையில், ஒரே வீதியில், ஒரே வேகத்தில் சோதிக்கவேண்டும். முதலில் உள்ளபடி ஓடுங்கள். பிறகு மேல் துவாரங்களை இன்சுலேசன் ரேப்பால் மூடி ஓடுங்கள். சத்தம் குறைந்தால் குற்றம் அங்கே. மாறவில்லையென்றால் அதை உரித்துவிட்டுக் கண்ணாடியின் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டிப் பாருங்கள். அது ஒரு சோதனை ஓட்டத்துக்கு மட்டும். அவசரத்தில் கண்ணாடியைத் திறக்கவேண்டி வரும். கடைசி ஓட்டத்தில் கழுத்தைச் சுற்றி ஒரு துணிக்குழாயோ சால்வையோ இறுக்கமாகக் கட்டி அடியை மூடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கடைசி ஓட்டத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

துவாரம்தான் குற்றவாளி என்றால் வெக்கை குறைந்த நேரத்தில் மூடி ஓடலாம். கண்ணாடி என்றால் பக்கத்துத் தகட்டின் திருகாணிகளை இலேசாகத் தளர்த்தி, கண்ணாடியை மூடிப் பின்னால் அழுத்திப் பிடித்தபடி இறுக்குங்கள்; பல மொடல்களில் இதற்கு இடம் விட்டிருப்பார்கள். ரப்பர் பட்டிக்கு ஒரு துளி சிலிக்கன் எண்ணெய் பூசினால் படியும். கழுத்தடி என்றால் நாடித்திரை, தடித்த கன்னப் பஞ்சு, அல்லது அந்தத் துணிக்குழாயே மருந்து.

காதடைப்பான்

மிக அமைதியான ஹெல்மெட்டும் நெடுந்தூரத்துக்குப் போதாது. பாமசியில் கிடைக்கும் ஸ்பொஞ் காதடைப்பான் சரியாகப் போட்டால் 20, 30 டெசிபல் குறைக்கும். விலையுயர்ந்த ஹெல்மெட் மாற்றிப் பெறும் குறைப்பைவிட அது கூட. விரல்களுக்கிடையில் உருட்டி மெல்லிதாக்கி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு உள்ளே விட்டு, விரிந்து நிறையும்வரை அரை நிமிடம் பிடியுங்கள். வெளியே பாதி துருத்திக்கொண்டு நின்றால் வேலை செய்யாது. ஹெல்மெட் போடும்போது கழன்றும் விழும். ஹோண் கேட்காதே என்ற பயம் இயல்பு. ஆனால் அடைப்பான் காற்றையும் ஹோணையும் சேர்த்தே குறைப்பதால், வேகத்தில் பஸ் ஹோண் இரைச்சலுக்குள் மூழ்காமல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்பதுண்டு. ஊருக்குள் வந்ததும் கழற்றிவிடலாம். இரைச்சலை மறைக்க இயர்போனில் பாட்டுப் போடுவது நேர் எதிர் வேலை, இரைச்சலுக்கு மேலே இன்னொரு சத்தத்தை ஏற்றுகிறீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வருவதென்றால்

இலண்டனில், ரொறன்ரோவில், பாரிஸில் இருக்கும் சொந்தக்காரர் "என்ன கொண்டுவர" என்று கேட்டால் ஹெல்மெட் நல்ல பதில்தான், ஆனால் அளவை மட்டும் அனுப்பிவிட்டு இருக்கவேண்டாம். இங்கே அதே நிறுவனத்தின் ஹெல்மெட்டை எங்காவது போட்டுப்பார்த்து, சுற்றளவு, தலை வடிவம், மூக்குக் கண்ணாடி விவரம் மூன்றையும் எழுதுங்கள். தாங்கள் பாவித்ததைத் தருகிறோம் என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்: அவர்களின் தலைக்கு அமர்ந்த பஞ்சு உங்களுக்குப் பொருந்தாது, முன்பு விழுந்ததா என்பதும் வெளியே தெரியாது. விமானத்தில் கைப்பையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். உதிரி முகக்கண்ணாடி ஒன்றையும் கூடவே கேளுங்கள், அந்த மொடலுக்கு இங்கே கண்ணாடி தேடி அலைய நேரிடும்.

பராமரிப்பும் ஆயுளும்

வலிகாமத்துச் செம்மண் தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடி முழுக்கக் கீறல் விழும். நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து வழித்தெடுங்கள். தீவுப்பக்கம், கடற்கரை வீதிகளால் ஓடுபவர்கள் உப்புப் படிந்த திருகாணிகளையும் பூட்டையும் நன்னீரால் துடைக்கவேண்டும். பஞ்சைக் குழந்தைகள் ஷம்பூவில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். தேங்காயெண்ணெய் தடவிய தலை பஞ்சைச் சீக்கிரம் கெடுக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நெற்றிப் பஞ்சு சந்தன நிறமாவதை யாரும் தடுக்கமுடியாது, இரண்டுக்கும் உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் தொப்பி போதும்.

பெற்றோல், தின்னர், ஸ்பிரே பெயின்ற் ஓட்டுக்கும் ரெஜிபோமுக்கும் எதிரி. பக்கக் கண்ணாடிக் காம்பில் கொழுவி வைத்தால் அந்த முனை ரெஜிபோமில் குழி போடும். பாவிக்கத் தொடங்கி ஐந்து வருடம், அல்லது உற்பத்தியாகி ஏழு வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். உற்பத்தித் திகதி பட்டியிலோ பஞ்சுக்குக் கீழோ இருக்கும். கடையில் வாங்கும்போதே அதைப் பார்த்துவிடவேண்டும், சில பெட்டிகள் அலுமாரியில் வருடக்கணக்காகக் கிடந்தவை. தலையோடு சேர்ந்து மோதிய ஹெல்மெட்டின் ஓடு பளபளவென்று இருந்தாலும் உள்ளே ரெஜிபோம் நசுங்கியிருக்கும், நசுங்கியது திரும்ப எழும்பாது. அப்படியானதைக் குப்பையில் போடுவதற்கு முன் நாடிப்பட்டியை வெட்டிவிடுங்கள், எடுத்து வேறொருவர் போடாமல் இருக்க.